அவித்த மாவில் ஒரு ஸ்ரோபெரிப் பை

1

ஸ்ரோபெரிப் பழத்தை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் அந்தப் பழத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். நல்ல சிவப்பு, மேலே ஒரு பச்சைத் தொப்பி, பார்த்தால் வாயூறும். படம் எடுத்தவருக்கு அதைப் பிடுங்கிப் பழக்கம் இருந்திருக்காது. கனடாவுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை ஸ்ரோபெரி பிடுங்குவதுதான். விடியக்காலையில் ஒரு வான் வண்டியில் எங்களை அடைத்து ஏற்றிக்கொண்டு போய், ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இறக்கிவிடுவார்கள். குனிந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நிமிரலாம். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, வலையில் மீன் கழற்றி வளர்ந்தவளுக்குக் குனிவது புதிதல்ல. ஆனால் மீன் மணம் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். இந்தப் பழத்தின் மணம் எத்தனை தரம் கழுவினாலும் போகாது, இரவு சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் வரும்.

இப்போது அதே தோட்டங்களுக்கு ஆட்கள் குடும்பமாகக் காரில் போய், காசு கொடுத்துத் தாங்களே பிடுங்குகிறார்களாம். அதற்குப் பொழுதுபோக்கு என்று பெயர். ஒன்பது வருடமாகியும் இந்த நாட்டு ஆட்களை எனக்கு முழுதாக விளங்கவில்லை.

இந்த யூன் மாதம் என் மகள் ஜெனி பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. வருடக் கடைசி விருந்தாம், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சாப்பாடு வரவேண்டுமாம். நான் உடனே மனதுக்குள் உழுந்து ஊறப்போட்டுவிட்டேன். வடை சுட்டுக் கொடுத்தால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் விரலைச் சூப்புவார்கள். ஆனால் அந்தத் தாளில் எங்கள் வீட்டுப் பெயருக்கு நேரே ஏற்கனவே எழுதியிருந்தது, ஸ்ரோபெரிப் பை. பை என்றால் கடைக்குக் கொண்டுபோகும் பை அல்ல. மாவில் ஓடு மாதிரிச் செய்து, அதற்குள் பழத்தை நிரப்பி வெட்டித் தின்னும் ஒரு சாமான்.

"உதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"எனக்கு அது செய்யத் தெரியாதெண்டு உனக்குத் தெரியாதே?"

அவள் தோளைக் குலுக்கினாள். நான் தமிழில் கேட்டால் அவள் ஒரு சொல்லோடு நிற்பாள், மிச்சத்தை இங்கிலிசில் சொல்லுவாள், அல்லது தோளால் சொல்லுவாள். கூடப் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய் எழுதிக்கொடுத்த செய்முறையை என் முன்னால் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

2

எனக்கும் ஜெனிக்கும் நடுவில் ஆறு வருடம் ஒரு பள்ளமாகக் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் பை கதையைச் சொல்ல முடியாது.

அவளுடைய அப்பா தொண்ணூறாம் ஆண்டு தொழிலுக்கென்று கடலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அடுத்த வருடம் நான் வெளிக்கிட்டேன். ஏஜென்சிக்காரன் ஒரு ஆளைத்தான் கொண்டுபோவேன் என்றான். மூன்று வயதுப் பிள்ளையைத் தங்கச்சி பிலோமினாவிடம் விட்டேன். ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்று சொன்னேன். ஆறு மாதம் ஆறு வருடமானது. அதற்குள் அவர்கள் கரையை விட்டு இடம்பெயர்ந்து, முள்ளியவளையில் யாரோ ஒருவருடைய தோட்டக் காணிக்குள் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். பிலோமினா கலியாணம் கட்டவில்லை. பிள்ளையோடு நிற்கிற பெண்ணை யார் வந்து கேட்பார்கள்?

பிள்ளையைக் கூப்பிட நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் ஒரு கதிரை உயரம் வரும். பிறப்புப் பத்திரம் கேட்டார்கள், கொடுத்தேன். ஞானஸ்நானப் பத்திரம் கொடுத்தேன். தகப்பன் இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். கடல் அத்தாட்சி கொடுக்காது என்று குடிவரவுக் கந்தோரில் இருந்த அதிகாரிக்கு எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியில் இன்னொன்று கேட்டார்கள். பிள்ளையை வளர்க்கிறவர், தான் பிள்ளையின் தாய் இல்லை என்று சத்தியக் கடதாசி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

அந்த வசனத்தை நான்தான் இங்கிருந்து எழுதி அனுப்பினேன். "இப்பிள்ளையின் தாய் நான் அல்ல என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்." பிலோமினா ஊரை விட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்கு வந்து, ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள். உரத்து வாசிக்கச் சொன்னவராம். ஜெனி பக்கத்தில் நின்றிருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டு முடிந்திருந்தது. கடதாசி சரியாக வந்து சேர்ந்ததே என்ற சந்தோசத்தில், மற்ற எதையும் நான் யோசிக்கவில்லை.

அவள் வந்த நாளில் இருந்து என்னை மம்மி என்றுதான் கூப்பிடுகிறாள். பிளேனில் வரும்போதே யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். பிறகு பள்ளிக்கூடத்துப் பழக்கம் என்று விட்டுவிட்டேன்.

வந்து மூன்று வருடம் முடிந்துவிட்டது. பிலோமினாவுக்கு இவள் ஒரு கடிதம் எழுதவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாத எரிச்சல். முள்ளியவளையில் இருந்து கடிதம் வர இரண்டு மாதமும் ஆகும், நான்கு மாதமும் ஆகும். வருகிற ஒவ்வொன்றிலும் கடைசியில் ஒரே வேண்டுகோள்தான் இருக்கும். "ஜெனியை ஒரு வரி எழுதச் சொல்லுங்கோ அக்கா. எழுத்து மறந்தால் ஒரு படம் எண்டாலும் கீறி அனுப்பட்டும்." ஜெனிக்கென்று தனியாக ஒரு துண்டும் வைத்திருப்பாள். அதன் கீழே, "இப்படிக்கு, சின்னம்மா" என்று வடிவாக எழுதியிருக்கும். ஜெனி அதை வாசித்து, நாலாக மடித்து, அலுமாரிக்குள் வைப்பாள். அவ்வளவுதான்.

"சின்னம்மாவுக்கு எழுதினியோ?"

"எழுதுறன்."

"எப்ப?"

"எழுதுறன் மம்மி!"

ஒருநாள் அவளுடைய மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது கடிதத் தாள்கள் கிடைத்தன. ஏழெட்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் மேலே "அன்புள்ள" என்று மட்டும் எழுதியிருந்தது. ஒரு சொல்லுக்கு மேல் எழுத இந்தப் பிள்ளைக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருக்கிறதே என்று எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கிழித்துக் குப்பையில் போட்டேன். வளர்த்தவளை மூன்று வருடத்தில் மறக்கிற நன்றிகெட்ட பிள்ளையாகப் போய்விட்டாளே என்று கோயிலில் முழங்காலில் நின்று அழுதும் இருக்கிறேன்.

3

இனிப் பைக்கு வருவோம்.

செய்முறையில் முதல் வரியிலேயே ஒரு கப் மா, கால் கப் அது, அரைக் கப் இது என்று இருந்தது. எந்தக் கப்? எங்கள் வீட்டில் தேத்தண்ணிக் கப் நாலு அளவில் இருக்கிறது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்ணிடம் கேட்டேன். "கப் என்றால் கப்தான்" என்றா. மா ஓட்டை முதலில் வெறுமையாகச் சுட வேண்டுமாம், சுடும்போது அது பொங்காமல் இருக்க மேலே கடதாசி விரித்து, காய்ந்த அவரை விதையைக் கொட்ட வேண்டுமாம், பிறகு அந்த விதையை எறிந்துவிட வேண்டுமாம். தின்னுகிற சாமானைப் பாரத்துக்கு வைத்துவிட்டு எறிகிறவர்களை என்ன செய்யலாம்? நான் பயறு போட்டேன், பிறகு அதைக் கழுவிக் கறி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

பழத்தில் பாதியை மசித்து, சீனியும் கோன் மா என்கிற சோள மாவும் போட்டுக் காய்ச்ச வேண்டும். கூழ் பதத்துக்கு வந்து கண்ணாடி போலத் தெளியும். மற்றப் பாதியைப் பச்சையாகவே ஓட்டுக்குள் நிறுத்தி, அதன்மேல் இந்தக் கூழை ஊற்றி, பிறிட்ஜில் மூன்று மணித்தியாலம் வைத்தால் இறுகிவிடும். எழுதிப் பார்த்தால் சுகமான வேலை. விருந்து திங்கட்கிழமை. நான் சனிக்கிழமை பழம் வாங்கி, ஞாயிறு பூசை முடிந்து வந்தவுடன் குசினிக்குள் இறங்கினேன்.

வேறு எதிலாவது பிழை விடுவேன் என்றுதான் பயந்தேன். மாவில் பிழை விடுவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. மா எனக்குக் கைவந்த சாமான்.

செய்முறையில் குளிர்ந்த பட்டரை மாவுக்குள் உதிர்த்து, ஐஸ் தண்ணீர் தெளித்துக் குழைக்கச் சொன்னது. குழைத்தேன், சேரவில்லை. இன்னும் தண்ணீர் விட்டேன். குடித்துக்கொண்டே இருந்தது. ஒருமாதிரி உருண்டையாக்கி, பலகையில் வைத்து உருட்டினால் நடுவில் பிளந்தது. பிளந்ததைச் சேர்த்து ஒட்டினால் ஓரம் உதிர்ந்தது. தூக்கித் தட்டில் போடப் போனால், பாதி கையிலும் பாதி நிலத்திலும் நின்றது. இரண்டாம் தரமும் செய்தேன். மூன்றாம் தரமும் செய்தேன். பட்டர் முடிந்துகொண்டு வந்தது. மேசை எல்லாம் புட்டுக் கொட்டின மாதிரிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து ஜெனி வந்து வாசலில் நின்றாள்.

"என்ன பார்க்கிறாய்? உன்ர சிநேகிதியின்ர தாய் எழுதினதெல்லாம் பொய். இது ஒட்டாது. வடையெண்டு எழுதியிருந்தால் இவ்வளவுக்கு நான் சுட்டு அடுக்கியிருப்பன். ஆரைக் கேட்டு இதை எழுதினனி? உனக்கு வெக்கம். எங்கட சாப்பாட்டைக் கொண்டுபோக வெக்கம். அங்க ஒருத்தி ஒரு வரிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு எழுதப் பஞ்சி, இஞ்ச பை தின்னப் பஞ்சியில்லை..."

இன்னும் என்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் திருப்பிக் கத்தவில்லை. மேசைக்குக் கிட்ட வந்து, உதிர்ந்து கிடந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். அதை மெதுவாக அரைத்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

"மம்மி, எந்த ரின்னில இருந்து மா எடுத்தனீங்கள்?"

"எந்த ரின்? மா ரின்தான்."

"இது அவிச்ச மா."

4

நம்முடைய குசினிகளில் இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் நாங்கள் கோதுமை மாவைத் துணியில் கட்டி ஒரு மணித்தியாலம் ஆவியில் அவித்து, கட்டியை உடைத்து, அரித்து ரின்னில் போட்டு வைப்போம். அவித்த மாவில் ஒட்டுந்தன்மை செத்துவிடும். அதனால்தான் புட்டு உதிர்கிறது. நான் கனடாவிலும் கிழமைக்கு ஒருதரம் அவிக்கிறேன். கடையில் வாங்கின பச்சை மா சிங்குக்குக் கீழே பையோடு கிடக்கிறது. மா என்று வாசித்தவுடன் என் கை தானாக ரின்னுக்குப் போயிருக்கிறது. முப்பத்தாறு வருடமாக எனக்கு மா என்றால் அவித்த மாதான். இப்படி ஒரு பிழையை இந்த ஊரில் வேறு யாரும் விட்டிருக்க முடியாது.

"உனக்கெப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நாக்கில ஒட்டேல்லை. மணல் மாதிரி இருக்குது. துணி அவிழ்க்கேக்கை முதல் கட்டி எனக்குத்தான். உடைச்சுச் சுடச்சுடப் பனங்கட்டியோட தருவா."

"ஆர்?"

"அவா."

பிலோமினாவைப் பற்றி எப்போதாவது வாய் திறந்தால் அவள் அவா என்றுதான் சொல்லுவாள். சின்னம்மா என்று சொன்னால் முத்து உதிர்ந்துவிடுமா என்று ஒருதரம் கேட்டும் இருக்கிறேன். அன்று கேட்கவில்லை. மூன்று வருடத்தில் அவள் தொடர்ந்தாற்போல் இத்தனை வசனம் தமிழில் பேசி நான் கேட்டதில்லை.

"சரி, எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டு பச்சை மாவில செய்வம்" என்றேன்.

"வேண்டாம். பட்டர் காணாது. மிச்சப் பட்டரை உருக்குங்கோ."

உருக்கினேன். அவள் உதிர்ந்த மாவை எல்லாம் அள்ளி ஒரு சட்டிக்குள் போட்டு, சீனியும் உருக்கின பட்டரும் விட்டு விரல் நுனியால் பிசறினாள். உருட்டவில்லை. அப்படியே தட்டுக்குள் கொட்டி, ஒரு சின்னக் கிண்ணத்தின் அடியால் அமத்தி அமத்திச் சுற்றிவரப் பரவினாள். பிறகு பெருவிரலால் விளிம்பைக் கட்டினாள். ஒரு நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, மாவும் எண்ணெயும் பனங்கட்டியும் பிசறி, சட்டியில் மணல் போட்டு, மூடியின் மேல் தணல் வைத்து அவா இப்படித்தான் சுட்டவா என்றாள். அந்த நத்தாரைப் பற்றி எனக்கு ஒருவரும் எழுதவில்லை. அன்று நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டிக்குள் பொம்மை அடுக்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

அவண் அடுப்பில் இருந்து எடுத்தபோது ஓடு பொன்னிறமாக, விரலால் தட்டினால் சத்தம் வரும் அளவுக்கு இறுகி இருந்தது. பழக் கூழை நான் காய்ச்சினேன். முழுப் பழங்களை அவள் நிறுத்தினாள். வெட்டிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. திங்கட்கிழமை காலை அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

5

பின்னேரம் வெறுந்தட்டு வந்தது. எப்படி என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்றாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடப் பைக்குள் ரீச்சரின் குறிப்பு ஒன்று இருந்தது. மகள் கொண்டுவந்த பை எல்லாருக்கும் மிகவும் பிடித்ததாம். ஓடு யார் செய்தது என்று கேட்டதற்கு, இதைத் தன் தாய் தனக்குச் சொல்லித்தந்தா என்று சொன்னாளாம். இப்படி ஒரு மகளை வளர்த்ததற்குப் பாராட்டுகளாம்.

நான் அந்தக் குறிப்பைப் பிறிட்ஜில் ஒட்டினேன். எனக்கு உண்மை தெரியும்தானே. ஓட்டை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் அதைப் பழுதாக்கினேன், கத்தினேன், அவ்வளவுதான் என் பங்கு. ஆனாலும் ரீச்சருக்கு முன்னால் பிள்ளை என் மானத்தைக் காப்பாற்றி இருக்கிறாளே என்று இரண்டு நாள் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வேலையில் இரண்டு பேருக்கு அந்தக் குறிப்பைக் காட்டினேன். அவள் என் பிள்ளையாகிவிட்டாள் என்றே நினைத்தேன்.

6

சனிக்கிழமை காலை ஜெனி குசினி மேசையில் இருந்து கடிதம் எழுதிக்கொண்டு இருந்தாள். கேட்காமலே எழுதுகிறாள். தமிழில் எழுதுகிறாள். நான் பைத் தட்டில் பிடித்திருந்த அடிக்கரியைச் சுரண்டுகிற சாட்டில் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். பக்கம் நிறைந்திருந்தது.

"ஸ்ரோபெரி அங்க இல்லை. பாலைப்பழம் போடுங்கோ. உதடு ஒட்டும், பரவாயில்லை. பட்டருக்குப் பதிலாத் தேங்காய் எண்ணெய். சீனி இல்லாட்டிப் பனங்கட்டி. கோன் மாவுக்கு அரிசி மாவைக் கரைச்சுக் காய்ச்சுங்கோ. மா அவிச்ச மாதான், நீங்கள் அவிக்கிற மாதிரியே. இதைப் பிறிட்ஜில வைக்க வேணும். உங்களிட்ட இல்லை. அதால வாளிக்குள்ள வைச்சுக் கிணத்தில பாதிக்கு இறக்குங்கோ. தண்ணி படக் கூடாது. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருத்தரையும் தண்ணி அள்ள விடாதேங்கோ. முதல் துண்டை நீங்கள் சாப்பிடுங்கோ."

பிறகு தாளின் தலைப்பைப் பார்த்தேன். மேலே "அன்புள்ள" என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருந்தது.

"உதென்ன, ஆருக்கு எண்டு போடேல்லையே? பேரில்லாமல் ஒரு கடிதமோ? எத்தினை தரம் சொல்லித் தந்தனான், அன்புள்ள சின்னம்மாவுக்கு எண்டு போடு."

அவள் பேனையை மேசையில் வைத்தாள்.

"அவா எனக்குச் சின்னம்மா இல்லை."

"பின்ன?"

தாளை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு இருந்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எழுதினால் நீங்கள் அழுவீங்கள். மாத்தி எழுதினால் அவா அழுவா."

நான் கையில் தட்டோடு நின்றேன். கிழித்து எறிந்த தாள்கள் ஞாபகம் வந்தன. ஏழெட்டுத் தாள், ஒவ்வொன்றிலும் அன்புள்ள என்பதோடு நின்ற எழுத்து. பிறிட்ஜில் ஒட்டியிருந்த குறிப்பு எனக்கு நேரே இருந்தது. இதைத் தன் தாய் தனக்குச் சொல்லித்தந்தா. பிள்ளை ரீச்சருக்குப் பொய் சொல்லவில்லை. மூன்று வருடமாக எனக்கும் பொய் சொல்லவில்லை. நான்தான் அவளைப் பஞ்சி பிடித்தவள், நன்றி கெட்டவள் என்று பேசிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. ஏஜென்சிக்காரன்மேல், அந்தக் கந்தோர்மேல், பிலோமினாமேல்கூட. பிறகு அது எங்கே வந்து நிற்கவேண்டுமோ அங்கே வந்து நின்றது.

"நீ அவவை எப்பிடிக் கூப்பிட்டனியோ அப்பிடியே எழுது" என்றேன்.

"உண்மையாவோ?"

"எழுது பிள்ளை. நான் தட்டுக் கழுவப் போறன்."

தண்ணீர்க் குழாயை வேண்டிய அளவுக்கு மேல் திறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது அவள் தாளை மடித்து உறைக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். மடிப்புக்குள் போகுமுன் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டேன். மூன்று எழுத்து. அவள் முள்ளியவளையில் முதலாம் வகுப்பில் பழகின அதே குண்டு எழுத்து.

"மம்மி, நீங்களும் ஏதும் எழுதப் போறீங்களே?"

"இல்லை. இந்த முறை உன்ர கடிதம் மட்டும் போகட்டும்."

"இப்பிள்ளையின் தாய் நான் அல்ல" என்று என் தங்கச்சியிடம் எழுதி வாங்கினவள் நான். அதற்குப் பதில் அந்த உறைக்குள் இருந்தது. முத்திரையை நானே நக்கி ஒட்டினேன்.